நெய்தலும் துளைக்கருவியும்: பழவேற்காட்டுக் கழிக்கரையை முன்வைத்து ஓர் இசைத் திறனாய்வு

ஒரு நிலத்தின்பால் கொண்ட காதலால் அந்நிலத்தையே பொருளாக வைத்து ஊதுகருவிக் குழுவிற்கு இசை அமைத்தல் மேனாட்டில் பெருவழக்காய் உள்ளது. மலையும் ஏரியும் பள்ளத்தாக்கும் ஆண்டு இசைப்படைப்புகளின் பெயர்களாகி நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் கூடிய பெரிய மேளம் என்னும் ஊதுகருவிக் குழு பல நூற்றாண்டு மரபுடையதாய் விளங்குகின்றது. ஆயின் இக்குழு நம் நிலங்களுள் ஒன்றை, அதிலும் நெய்தல் நிலத்தை, பொருளாகக் கொண்டு இசைக்குமாயின் அவ்விசையை எவ்வளவையால் அளப்பது? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. இதற்கு வேண்டிய அளவுகோல் நம் பழைய நூல்களிலேயே உண்டு என்பதும், அஃது இதுகாறும் போதிய அளவு எடுத்தாளப் பெறவில்லை என்பதும் நம் கருத்தாகும்.

நெய்தல் என்று பொதுப்படக் கூறின் ஆய்வு காற்றில் மிதக்கும். ஆதலின் ஒரு குறிப்பிட்ட நெய்தற் பகுதியை நிலைக்களனாகக் கொள்வோம். சென்னைக்கு வடக்கே தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் கழிகளுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது. ஏரி என்று வழங்கினும் சங்கச் சான்றோர் 'கழி' என்று குறித்த நீர்ப்பரப்பு இதுவேயாம். தெற்கில் ஆரணியாறும் வடக்கில் காளங்கியாறும் இதில் கலக்கின்றன. கிழக்கே சிறீஅரிக்கோட்டை என்னும் மணற்றீவு இதனைக் கடலினின்று பிரிக்கின்றது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியும் இறங்கியும் இயங்க, அவ்வியக்கத்தை நம்பியே கரையிலுள்ள குப்பங்கள் வாழ்கின்றன.

1. கருப்பொருளும் குழலும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருளைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பவற்றை எண்ணி, பிறவும் என்று தழுவிக்கொள்கின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாற்கவிராச நம்பி இதனைப் பதினான்காக விரித்துப் பண் என்பதையும் தனியே சேர்த்தார். நெய்தற்கு மீன்கோட்பறையும் விளரி யாழும் செவ்வழிப் பண்ணும் உரியன என்பது இவ்வழி வந்த செய்தி.

இத்தொகுப்புகளில் ஒன்று நம் கருத்தை ஈர்க்கின்றது. தோற்கருவியாகிய பறைக்கு இடம் உண்டு. நரம்புக்கருவியாகிய யாழுக்கு இடம் உண்டு. துளைக்கருவியாகிய குழலுக்கு மட்டும் தனியிடம் இல்லை. தமிழர் இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, மிடறு எனப் பகுத்தனர். அவற்றுள் துளையும் மிடறும் ஆகிய இரண்டும் கருப்பொருள் வரிசையில் வெளிப்படையாக எண்ணப்படவில்லை. இவ்விரண்டும் மூச்சினால் இயங்குவன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

'பிறவும்' என்றதனால் குழலும் அடங்கும் என்று அமைதி கூறலாம்; அது தவறன்று. எனினும் மற்றொரு விளக்கத்திற்கும் இடமுண்டு. பறையும் யாழும் மக்கள் தம் தொழிற்கும் பொழுதிற்கும் ஏற்பச் செய்து நிலந்தோறும் வேறுபடுத்திக்கொண்ட கருவிகள். துளைக்கருவியோ நிலமே முன்வந்து தருவது. குறிஞ்சியில் மூங்கில், முல்லையில் கொன்றைப் பழத்தின் நெற்று, மருதத்தில் ஆற்றங்கரை நாணல், நெய்தலில் சங்கு என ஒவ்வொரு நிலமும் உள்ளே வெளியாகிய ஒன்றை விளைவித்துத் தருகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையன் தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்து பாலைப்பண் இசைக்கின்றான். அது சலித்தபின் குமிழங்கொம்பில் மரல்நாரை நரம்பாகக் கட்டி யாழ் செய்து குறிஞ்சிப்பண் இசைக்கின்றான். ஈண்டுக் குழல் முன்னும் யாழ் பின்னும் வருதல் காண்க. ஒரு துளையும் ஒரு மூச்சும் இருப்பின் குழல் தோன்றிவிடுகின்றது. யாழிற்கு மேலும் ஒரு வினைத்திறம் வேண்டியிருக்கின்றது.

2. கபிலர் அமைத்த குழு

நிலமே குழல் தருகின்றது என்னும் இக்கருத்தின் உச்சியில் நிற்பது அகநானூற்று 82-ஆம் பாட்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு அது. அதன் முற்பகுதி ஓர் இசையரங்கைப் படைக்கின்றது. அசையும் மூங்கிலில் வண்டு துளைத்த துளைகளில் கோடைக் காற்றுப் புகுந்து குழலிசை எழுப்புகின்றது. அருவியின் விழுகுரல் முழவாகின்றது. கலைமான் கூட்டத்தின் வன்குரல் தூம்பாகின்றது. மலைச்சாரற் பூக்களில் மொய்க்கும் வண்டு யாழாகின்றது. இவ்வின்னிசை கேட்டு மந்திக் கூட்டம் வியந்து நோக்க, மூங்கில் வளர்ந்த பக்கத்தில் மயில் களம் புகுந்த விறலியைப் போல் ஆடி இயங்குகின்றது.

இப்பாட்டை இயற்கை வருணனை என்று பாராட்டி அமைவது பெரும்பாலும் நிகழ்வது. அப்பாராட்டு போதாது. இசைக்குழுவின் அமைப்பாகவே இதனை நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, நான்கு கருவிகளுள் இரண்டு துளைக்கருவிகள்: குழலும் தூம்பும். ஏனைய இரண்டனுள் ஒன்று தோல், ஒன்று நரம்பு. ஆகவே இது மூச்சு மிகுந்த குழு.

இரண்டாவது, வரிசை. குழல் முதலில் எழுகின்றது. ஏனையவை அதன் பின்னரே சேர்கின்றன. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழ் நின்றது, யாழின் வழியே தண்ணுமை நின்றது, அதன் பின் முழவு நின்றது என்று இளங்கோவடிகள் அரங்கமுறையை வகுத்துரைக்கின்றார். குழல் முன்நின்று சுருதியை நிறுத்த ஏனையவை பின்பற்றுதல் அரங்க மரபு. கபிலர் மலைச்சாரலிலும் குழலையே முன் நிறுத்தியிருத்தல், அவர் கண்ட காட்சியைக் கண்டவாறே அடுக்கினார் என்பதைவிட, தாம் அறிந்த பாணர் குழுவின் முறையை மலைமேல் ஏற்றினார் என்று கொள்ளவே இடந்தருகின்றது.

மூன்றாவது, இக்குழுவில் இல்லாத ஒன்று. தோலும் துளையும் நரம்பும் உள்ளன, மிடறு இல்லை. பாட்டின் பிற்பகுதி என்ன கூறுகின்றது? தான் எய்யக் கருதிய யானை சென்ற வழியை வினவி, விளைந்த தினைப்புனத்தின் ஒருபால் நின்ற தலைவனைக் கண்டவர் பலர். அப்பலருள்ளும் இருள் செறிந்த இரவில் படுக்கையில் கிடந்து, கண்ணில் நீர் வார, தோள் நெகிழ்ந்தவள் தான் ஒருத்தி மட்டும் ஆனது ஏன் என்று தலைவி தோழியிடம் வினவுகின்றாள். குழுவில் காலியாய் இருந்த மிடற்றின் இடத்தை இவ்வினாவே நிரப்புகின்றது. பலர் கண்டும் ஒருத்தியே நோவது போல, பல கருவிகள் ஒலித்த பின் ஒரு குரலே எஞ்சுகின்றது. மலையின் இசை விருந்தாகவும் தலைவியின் குரல் அவ்விருந்தில் கலவாத தனிமையாகவும் நிற்பதே இப்பாட்டின் அமைதி. முற்பகுதியை மட்டும் எடுத்துப் போற்றுவோர் பாட்டின் ஒரு பாதியைக் கேளாது விடுகின்றனர்.

மலையை இசைக்குழுவாகக் காணும் இவ்வழக்கு கபிலரோடு நிற்கவில்லை. 583 அடிகளையுடைய மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் முழவு, தூம்பு, குழல் முதலியவற்றை முதலில் அடுக்கி, பின்னர் நன்னனது மலையில் எழும் பல்வேறு ஒலிகளை நெடுக எண்ணுகின்றது. மலையை யானையாகவும் அதில் எழும் ஒலிகளை அதன் மதமாகவும் கொண்டே அந்நூல் தன் பெயரைப் பெற்றது. குறிஞ்சி நிலம் தமிழ்ச் செய்யுளில் கருவிகளின் நிலம் என்பது இவற்றால் தெளிவாகும்.

3. மேனாட்டு முறையோடு ஒப்பீடு

ஈண்டு மேனாட்டு இசையோடு ஒப்பிடுதல் கபிலரின் தனித்தன்மையை விளக்கும். பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் குழல் நைட்டிங்கேல் பறவையாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட் குக்கூப் பறவையாகவும் ஒலிக்கின்றன. மூன்றும் ஊதுகருவிகள். ஆண்டுக் கருவி இயற்கையாக நடிக்கின்றது. கபிலரிடத்தோ இயற்கை கருவியாக நடிக்கின்றது. உவமைத் திசை நேர்மாறானது.

பிரெஞ்சு இசைப்புலவர் ஒலிவியே மெசியான் (1908–1992) அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்குகளைக் கண்டு எழுச்சியுற்று ஒரு பெரும்படைப்பை இயற்றினார். 'பள்ளத்தாக்குகளிலிருந்து விண்மீன்களுக்கு' என்று பொருள்படும் பெயருடைய அது 1974-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள தாளங்களைப் பயின்று தம் இசையில் ஆண்டவர் அவர். ஆதலின் நமக்கு முற்றும் அயலவர் அல்லர். அப்படைப்பில் காற்றின் ஒலியை எழுப்ப ஒரு காற்றுப்பொறியும் மண்ணின் ஒலியை எழுப்ப ஒரு கருவியும் இடம்பெறுகின்றன. நிலத்தின் காற்றை அரங்கிற்குள் கொணரப் பொறி வேண்டியிருந்தது. கபிலர் அரங்கையே காற்றிடம் கொண்டு சென்றார். எது உயர்ந்தது என்பது வினா அன்று. நிலத்தைப் பொருளாகக் கொள்ளும் இசைக்கு இரு வழிகள் உள: ஒன்று நிலத்தைப் போலச் செய்தல், மற்றொன்று நிலத்தையே இசைஞனாகக் கொள்ளுதல்.

நெய்தற்கு இவ்விரண்டும் போதுமா என்பதே இனி நோக்கவேண்டுவது.

4. நெய்தலில் துளைக்கருவி அமைதியுறுதல்

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் நான்கு நிலங்களுக்கு நான்கு இசைப்பகுதிகளை அமைத்துள்ளார். அவற்றை அருகருகே வைத்து நோக்கின் ஓர் அரிய செய்தி வெளிப்படுகின்றது. பாலைக்குரிய வேட்டுவ வரியில் பறையோடு சின்னமும் கோடும் குழலும் முழங்குகின்றன. முல்லைக்குரிய ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக் குழலும் ஆம்பற் குழலும் முல்லைக் குழலும் போற்றப்படுகின்றன. குறிஞ்சிக்குரிய குன்றக் குரவையில் தொண்டகப்பறையும் சிறுபறையும் ஒலிக்கக் கோடு ஊதப்படுகின்றது. இம்மூன்றிலும் துளைக்கருவி உண்டு. நெய்தற்குரிய கானல்வரியிலோ இசையை நடத்துவன யாழும் மிடறுமே. கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். மாதவியும் யாழொடு இயைந்த தன் கண்டத்தால் பாடுகின்றாள். குழலோ கோடோ சின்னமோ ஆண்டு இசையை நடத்தவில்லை.

கடல் தரும் துளைக்கருவியாகிய வலம்புரி கானல்வரியில் வருகின்றது. ஆயின் எவ்வாறு வருகின்றது? துறையில் மேய்ந்து மணலை உழுது செல்லும் உயிராக வருகின்றது. அதனை எடுத்து ஊதுவார் இல்லை. அஃது உழுத சுவடு புன்னைப் பூவின் நுண்தாதால் மறையும் காட்சியே பாட்டிற்குப் பயன்படுகின்றது.

முகமில் வரியில் மாலைப் பொழுதை விளித்துப் பாடும் இடத்தில் நுளையர் பேசப்படுகின்றனர். நுளையர்க்குரிய விளரிப்பாலையில் இளி நரம்பு கொள்ளவேண்டிய இடத்தில் கிளை நரம்பு மயங்கும்படி மாலை வந்து இறுத்தது என்பது அப்பாட்டின் கருத்து. நரம்பு மாறி விழுதல் இசைப்பிழை. அப்பிழையே ஈண்டு இரங்கலின் மொழியாகின்றது. கடற்கரை வாழ்நரின் இசை தன் இயல்பிலேயே இரக்கம் தோய்ந்தது என்று இளங்கோவடிகள் கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கருத்தைச் சங்கப் பாட்டொன்றால் உறுதி செய்யலாம். குறுந்தொகை 163-ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது. தலைவி கடலை நோக்கி, நீ யாரால் வருத்தமுற்றாய் என்று வினவுகின்றாள். வெள்ளாட்டுக் கூட்டம் பரந்தாற்போல மீனுண்ணும் குருகுகள் பரந்த கானலந்துறையில், வெண்பூத் தாழையை அலை மோத, நள்ளிரவிலும் கடலின் குரல் கேட்கின்றது என்கின்றாள். அவள் கடலுக்கு முழவென்றோ பறையென்றோ பெயரிடவில்லை. குரல் என்றே கூறுகின்றாள்.

இச்சொல்லைக் கபிலரின் பாட்டோடு ஒப்பிடுக. கலைமானுக்கு மிடறு உண்டு. அதற்குக் குரலும் உண்டு. கபிலர் அக்குரலைத் தூம்பு என்னும் கருவியாக மாற்றினார். கடலுக்கு மிடறு இல்லை. அம்மூவனார் அதற்குக் குரலைக் கொடுத்தார். ஒரு நிலம் மிடற்றையும் கருவியாக்குகின்றது. மற்றொரு நிலம் மிடறில்லாததற்கும் மிடறு அளிக்கின்றது. புணர்தல் உரிப்பொருளாகிய குறிஞ்சியில் உலகம் விழாக் கொண்டாடலாம். இரங்கல் உரிப்பொருளாகிய நெய்தலில் உலகம் உடன் அழுதல் வேண்டும். விழாவிற்குக் குழு வேண்டும். அழுகைக்குக் குரல் போதும்.

கடலொலியை முழவொலியோடு ஒப்பிடும் நெய்தற் பாட்டுகளும் உண்டே என்று தடை எழுப்பலாம். உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் ஓர் உவமை வேறு, குழுவாக அமைத்தல் வேறு. கபிலர் செய்தது போன்று பல கருவிகளை ஓர் அரங்காக இயைத்து, கேட்போரையும் ஆடுவோரையும் உடன் நிறுத்திய அமைப்பு குறிஞ்சிக்கே சிறந்தது என்பதே நம் கூற்று.

5. பழவேற்காட்டின் பாடும் அம்பாவும்

நூற்சான்றினின்று நிலச்சான்றிற்கு வருவோம். பழவேற்காட்டுக் கழியில் மீனவர்க்குள் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கழியில் எல்லா இடமும் ஒரே அளவு மீன் தருவதில்லை. நீரோட்டம் உள்ள இடத்தில் இறால் மிகுதியாகப் படும். பிற இடத்தில் படாது. ஆதலின் வலை கட்டும் நல்லிடங்களை ஒருவரே என்றும் கைக்கொள்ளாதபடி உரிமையுடைய குடும்பங்கள் முறை வைத்து மாறி மாறி இறங்குகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. ஆய்வாளர் பலர் இதனை நீர்வளத்தைப் பகிர்ந்துகொள்ளும் பொதுவுடைமை முறைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். இம்முறைக்குள் வாராத மீனவரும் கழியில் உளர் என்பதையும் மறத்தலாகாது; கைகளாலேயே இறால் பிடிக்கும் இருளர் அவருள் ஒரு சாரார்.

'பாடு' என்னும் சொல் கருதத்தக்கது. மீன் படுதலின் அது பாடு. மீன்பாடு என்னும் வழக்கு கடற்கரை முழுதும் உண்டு. உழைப்பும் துன்பமும் பாடு எனப்படும். முல்லைப்பாட்டில் கடலுக்கு அடையாக வரும் 'பாடு' என்பதற்கு ஒலி என்று பொருள். மலைபடுகடாம் என்பதிலும் படுதல் தோன்றுதலையும் ஒலித்தலையும் ஒருங்கே உணர்த்துகின்றது. சொல்லொப்புமை ஒன்றைக் கொண்டே முடிவு கட்டுதல் ஆய்வு நெறியன்று. எனினும் விளைவும் உழைப்பும் ஒலியும் ஒரு சொல்லில் குடியிருத்தல், நெய்தல் வாழ்வில் இம்மூன்றும் பிரியாமையைக் காட்டுகின்றது என்று கூறுதல் மிகையாகாது.

கடற்கரைத் தொழிற்பாட்டுக்கு 'அம்பா' என்பது பெயர். தமிழகக் கரையிலும் ஈழக் கரையிலும் இப்பெயர் வழங்குகின்றது. துடுப்பு வலிக்கையிலும் வலை இழுக்கையிலும் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பர். ஏனையோர் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ ஏற்பர். எடுப்பவர் பாடும்போது கைகள் இளைப்பாறும். ஏற்பவர் பாடும்போது கைகள் இழுக்கும். பாட்டின் அடியளவை வகுப்பது யாப்பிலக்கணம் அன்று, மூச்சே வகுக்கின்றது. இழுக்கும் வலை கனத்தால் அடி நீளும், இலேசானால் குறுகும். இயந்திரப் படகும் இயந்திர வலையிழுப்பும் வந்த இடங்களில் அம்பா அருகியமைக்குக் காரணமும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது. மூச்சு வாங்க வேண்டாத வேலைக்கு மூச்சை அளக்கும் பாட்டு வேண்டியதில்லை.

ஆகவே நெய்தலின் இசை மிடற்றிசை என்று நூல்கள் உணர்த்தியதைக் குப்பங்களின் தொழிலும் உணர்த்துகின்றது. கடலின் குரலுக்கு எதிர்க்குரலாக நிற்பது மக்களின் குரலே.

6. பெரிய மேளத்தின் முன்னுள்ள வினா

இனி ஊதுகருவிக் குழுவிற்கு வருவோம். நீரைப் பொருளாகக் கொண்ட நாகசுர இசை நம்மிடம் முன்னரே உண்டு. திருக்கோயில் தெப்பத் திருவிழாவில் வாசிக்கப்பெறும் 'ஓடம்' அது. மல்லாரி புறப்பாட்டிற்கு உரியது போல ஓடம் தெப்பத்திற்கு உரியது. படகுப் பாட்டின் நடையைத் தழுவிய இவ்வகை, நீர்நிலை ஒன்றை ஊதுகருவியால் பாடும் முயற்சியில் நமக்குக் கிடைக்கும் அண்மைச் சான்று.

ஆயின் ஓடம் திருக்குளத்தின் இசை. குளத்து நீர் அடங்கியது, நாற்புறமும் படிக்கட்டுடையது. தெப்பம் நீராழி மண்டபத்தை வலம்வந்து புறப்பட்ட இடத்திலேயே முடிகின்றது. அதன் நடையும் அதற்கேற்ப வட்டமானது, அமைதியானது. கழியோ கடலோடு மூச்சு விடுவது. நீர் ஏறும்; இறங்கும்; முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மூச்சு முட்டும். வலைக்குச் சென்றவர் திரும்புவது உறுதியன்று. ஓடத்தை அப்படியே எடுத்துப் பழவேற்காட்டிற்கு ஏற்றினால் கழி குளமாகிவிடும், இரங்கல் விழாவாகிவிடும்.

அங்ஙனமாயின் நாகசுரம் நெய்தற்கு உதவாதோ எனின், அன்று. நாகசுரத்தின் வாய் சீவாளி. அது நாணலாற் செய்யப்படுவது. உடல் ஆச்சா மரத்தால் அமைவது. நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றதும் நினைவுகூரத் தகும். பிறப்பால் அது மருத நிலத்துக் கருவி. ஆயின் அதன் வளர்ச்சி மிடற்றை நோக்கியே சென்றிருக்கின்றது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்தை வழக்கிற்குக் கொணர்ந்தார். முன்னைய திமிரி நாகசுரத்தின் உயர்சுருதி நெடுந்தொலைவு கேட்கப் பயன்பட்டது. பாரியோ மனிதக் குரலின் கனிவை அணுகிற்று. அவரது தோடி ஆலாபனை இன்றும் பேசப்படுவதற்கு அதன் விரிவு மட்டும் காரணமன்று. கருவியில் மிடறு கேட்டமையும் காரணம்.

ஒத்து என்னும் உறுப்பும் ஈண்டு எண்ணத்தக்கது. பண் எதுவாயினும், காலம் எதுவாயினும் இடையறாது ஒரே சுரத்தை ஊதி நிற்பது அது. இன்று பல இடங்களில் சுருதிப்பெட்டி அதன் இடத்தைக் கொண்டுவிட்டது. நள்ளிரவிலும் ஓயாது கேட்கும் கடலின் குரலுக்குப் பெரிய மேளத்தில் ஒப்பானது ஒத்து ஒன்றே. மூச்சு விடாதது போல் தோன்றுமாறு மூச்சை ஆளும் அவ்வூதலில் உழைப்பு மறைந்து நிற்கின்றது. அதன்மேல் ஒரு நாகசுரம் எடுக்க, மற்றொன்று ஏற்க, அம்பாவின் எடுப்பும் ஏற்பும் தாமே அமையும். குழுவின் உறுப்புகள் புதியன அல்ல. அவற்றுள் உறங்கும் நெய்தற் பண்பே புதிதாக எழுப்பப்பட வேண்டுவது.

இதனால் நாம் நாடிய அளவுகோல் கிடைக்கின்றது. பழவேற்காட்டைப் பாடும் ஊதுகருவி இசையில் பூநாரையின் சிறகொலி கேட்கின்றதா, அலை கேட்கின்றதா என்று வினவுதல் குறிஞ்சிக்குரிய அளவையை நெய்தற்கு இடுவதாகும். கருவி குரலாயிற்றா என்பதே வினவவேண்டுவது. அக்குரலில் உழைப்பவர் மூச்சின் அளவு உள்ளதா? ஏற்பதற்கு இடம் விட்டு எடுக்கின்றதா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை கூறும் இசை, ஓர் அலையையும் போலச் செய்யாவிடினும் நெய்தலிசையே ஆகும்.

7. நிலம் அழியின்

அண்மைக் காலத்தில் இக்கரைக்கு மிக அணித்தாய் எழுந்த ஒரு பாட்டைக் குறிப்பிடாது இவ்வாய்வை முடித்தல் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தைப் பொருளாகக் கொண்டது. கபேர் வாசுகி எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி. எம். கிருஷ்ணா பாடினார். கொசத்தலையாறு கடலொடு கூடும் எண்ணூரும் பழவேற்காடும் ஒரே நீர்த்தொடரின் இரு முனைகள். பக்கிங்காம் கால்வாய் அவற்றை இணைக்கின்றது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் எவர்க்கும் பட்டா இல்லாத பொது நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு', பேச்சு வழக்கில் வசைச்சொல் ஆயிற்று. அச்சொல்லை மீட்டெடுத்து, கழிகளும் நீர்நிலைகளும் அனைவர்க்கும் உரிய புறம்போக்கே என்று உணர்த்துகின்றது அப்பாடல். சென்னைப் பேச்சுத்தமிழை இராகமாலிகையில் அமைத்துள்ளனர்.

நம் அளவுகோலின்படி இதன் சிறப்பு யாது? காட்சியை இசையால் வரைய முற்படாமல் மிடற்றையே முதலாகக் கொண்டமை சிறப்பு. அம்மூவனார் காட்டிய வழி அது. நிலத்தின் அழிவை நோக்கி இரங்குதலால் நெய்தல் உரிப்பொருளோடும் அது பொருந்துகின்றது. குறை யாது? எடுப்பார் ஒருவராகவே நிற்கின்றார்; ஏற்பார் குரலுக்கு அதன் அமைப்பில் இடமில்லை. கச்சேரி மரபு தனிக்குரலின் மரபு. அம்பா கூட்டுக் குரலின் மரபு. இவ்விடைவெளியை நிரப்புவது, எடுத்தலும் ஏற்றலும் இயல்பாகவே அமைந்த பெரிய மேளத்திற்கு எளிதாகலாம்.

இதில் தங்கியிருப்பது இசை மட்டும் அன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தமையும், பழவேற்காட்டு முகத்துவாரம் மீண்டும் மீண்டும் தூர்ந்துபோதலும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர் எதிர்த்து நின்றமையும் செய்தியளவில் பலரும் அறிவர். இலக்கியம் பயில்வோர் இதனைத் தம் துறைக்குப் புறம்பானது என்று கருதுதல் கூடாது. முதலும் கருவும் நிலைத்தாலன்றி உரிப்பொருள் நிற்க இடமில்லை என்பது திணைக் கோட்பாட்டின் உட்கிடை. கழி தூர்ந்தால் குருகு அகலும், மீன்பாடு குறையும், பாடு முறை சிதையும், எடுக்கவும் ஏற்கவும் இருந்த கூட்டம் கலைந்து நகரக் கூலியாகும். அதன்பின் கடலின் குரல் என்ற அம்மூவனார் சொல்லுக்கு உரை எழுதலாம். அக்குரலுக்கு எதிர்க்குரல் இராது.

கபிலரின் மலையில் மந்திகள் வியந்து நோக்கின. ஆண்டு நிலம் இசைக்க உயிர்கள் கேட்டன. பழவேற்காட்டை நோக்கி வருவோர் பலர் பூநாரையையும் ஒல்லாந்தர் கல்லறைகளையும் கண்டு அம்மந்திகளைப் போலவே வியந்து மீள்கின்றனர். அவர்கட்கு அது காட்சி நிலம். குப்பத்தார்க்கு அது முறை வைத்து இறங்கும் பாட்டு நிலம். இவ்வேறுபாட்டை உணர்ந்து, வியப்பவன் செவியால் அன்றி இழுப்பவன் மூச்சால் அமைக்கப்பெறும் ஊதுகருவி இசையே நெய்தற் பெயருக்கு உரியதாகும். அத்தகைய இசையை மதிப்பிடவேண்டிய கடமை தமிழ் ஆய்வாளர்க்கும் உண்டு. அதற்கு வேண்டிய கருவிகளைத் தொல்காப்பியரும் கபிலரும் அம்மூவனாரும் இளங்கோவடிகளும் நமக்குத் தந்தே சென்றிருக்கின்றனர்.